செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை

படத்தில் எதுவும் அழகாகத்தான் இருக்கும், நேரில் போய்ப் பார்த்தால்தானே சுவரில் எத்தனை விரிசல், கழிவறையில் என்ன வாடை என்பதெல்லாம் தெரியும், என்று ஒஸ்தூனி ஊருக்குப் போகும் சாலையிலிருந்து மண்பாதைக்குக் காரைத் திருப்பும்போது கோஸிமா நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்ததில் மனதுக்குக் கொஞ்சம் நிம்மதிகூடக் கிடைத்தது, எதற்கு நிம்மதி, தங்கையின் கல்யாணத்துக்கு இடம் பார்க்க வந்தவளுக்கு அந்த இடம் சுமாராக இருந்துவிட வேண்டும் என்று எதற்கு ஆசை... ஆசையில்லை, எச்சரிக்கை, பல் மருத்துவமனை முன்மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு எதையும் சந்தேகப்படாமல் பார்க்க வராது, அவ்வளவுதான். பாதையின் இரு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர், அதற்கப்பால் ஆலிவ் மரங்கள், மார்ச் வெயிலில் இலைகள் வெள்ளி வெள்ளியாகப் புரண்டன, அழகுதான், ஆனால் இந்தப் பக்கம் எந்த வயலுக்குப் போனாலும் இதே மரம் இதே சுவர், இதைப் பார்க்க ரோட்டர்டாமிலிருந்து எண்பது பேர் விமானம் ஏறி வரப்போகிறார்களாம். மரிலேனாவுக்கு மார்ச் முழுக்க விடுப்பு கிடையாது, அந்த ஊர்த் துறைமுகத்தில் வெள்ளத் தடுப்புக் கதவுகளைச் சோதிக்கிற மாசமாம், அவள் இல்லாமல் கதவு மூடாதாம், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், "அக்கா, நீ போய்ப் பாத்துட்டு வா, நீ சரின்னா அன்னிக்கே எழுதிடலாம், நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றாள், திரையில் அவள் பக்கத்தில் மாப்பிள்ளை, அந்த யோஸ்ட், தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், இரண்டு மீட்டர் உயரம், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முழுதாகத் தலையாட்டுவான். நீ வேண்டாம்னா வேண்டாம்... யார் இப்படிச் சொல்வார்கள், தன் கல்யாணத்தை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு எப்படித் தூக்கம் வரும்.

கராமூரா என்று கல்லில் வெட்டிய பண்ணைவீட்டின் பெயர், எழுத்துகளில் பாதி மழையில் கரைந்திருந்தன, வளைவைத் தாண்டியதும் சட்டென்று முழுக் கட்டடமும் எதிரே வந்து நின்றது, கோஸிமாவின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. படம் பொய் சொல்லவில்லை. படம் குறைத்துத்தான் சொல்லியிருந்தது. சுண்ணாம்பு வெள்ளையில் கோட்டை மாதிரி ஒரு வீடு, நடுவில் சதுரக் கோபுரம், கொள்ளைக்காரர்கள் கடலில் வருகிறார்களா என்று பார்க்கக் கட்டியது, வாசலுக்கு மேலே, வந்தவர்கள் தலையில் கொதிக்கிற எண்ணெய் ஊற்றும் துவாரம், இரண்டு பக்கமும் வெளியிலிருந்தே ஏறுகிற கல்படிகள், படியின் ஓரங்கள் நானூறு வருஷக் கால் பட்டுத் தேய்ந்து ரொட்டி மாவு போல வழவழவென்று... இந்தப் படியில் ஒருத்தி வெள்ளை உடையில் இறங்கி வந்தால் எப்படி இருக்கும் என்று கண் முன்னால் வந்துவிட்டது, அந்த ஒருத்தியின் முகம் மரிலேனாவின் முகமாக இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது, காரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளை நாய் வந்து சக்கரத்தை முகர்ந்தது. பின்னாலேயே ரப்பர் பூட்ஸ் போட்ட கிழவி ஒருத்தி, கையில் கத்தரிக்கோல், எழுபது வயதிருக்கும், மின்னஞ்சலில் பெயர் பார்த்த ஓர்சோலா இவள்தானா, நிலக்காரி என்றால் முத்துமாலையோடு வருவாள் என்று நினைத்தால் எலுமிச்சைக் கிளை வெட்டிக்கொண்டு வருகிறாள்.

"கார்பரெல்லி?" என்றாள் கிழவி.

"ஆமாங்க."

"செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. மாப்பிள்ளை வரலையா?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான், எனக்கில்லைங்க தங்கச்சிக்கு என்று சொல்ல அது தாராளமாகப் போதும், ஆனால் கோஸிமாவின் வாய், "அவருக்கு வேலை" என்றது, கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்க் கல்யாண மோதிரத்தை மறைத்துக்கொண்டது. கார்பரெல்லி அவள் பெயரும்தானே, அப்பாவின் பெயர், பொய் இல்லையே... நாற்பத்து நான்கு வயதில் மணப்பெண்ணா என்று கிழவி ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை, "அதுவும் நல்லதுதான், ஆம்பளைங்க வந்தா கார் எங்க நிறுத்தறதுன்னுதான் கேப்பாங்க" என்று முன்னால் நடந்தாள், அவள் பின்னால் கோஸிமா முற்றத்துக்குள் நுழைந்தாள், மணப்பெண்ணாக.

முற்றத்தில் நான்கு எலுமிச்சை மரங்கள், நடுவில் கிணறு, கிணற்றின் விளிம்பில் கயிறு அறுத்த தழும்புகள், மேலே வானம் ஒரு துண்டாக, யாரோ அளந்து வெட்டி வைத்த மாதிரி. இங்க வரவேற்பு, அங்க நீள மேஜை, இசைக்காரங்க அந்த மூலையில, என்று ஓர்சோலா கத்தரிக்கோலால் காட்டிக்கொண்டே போனாள், கோஸிமா ஆமாம் ஆமாம் என்றாள், நடை மெதுவாகிவிட்டதை அவளே கவனித்தாள், முதுகுகூட நேராகியிருந்தது. தன் கல்யாணம் எங்கே நடந்தது, சாலையோர மண்டபத்தில், பெட்ரோல் பங்குக்கு அடுத்து, மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி நடத்தியது, அதனால் வேறு இடம் என்ற பேச்சே எழவில்லை, பூச்சுத் தூண்கள், நிறம் மாறுகிற நீரூற்று, முந்நூறு பேர், பதினொரு வகைச் சாப்பாடு, வாசல் பலகையில் முந்தின நாள் ஜோடியின் பெயர் மதியம் வரை அழியாமல் இருந்தது, அதன் அடியில் நின்றுதான் முதல் படம் எடுத்தார்கள். உனக்கு எங்கே ஆசை என்று அவளை யாராவது கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், தெரியாது, இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ஆசைப்படவே தெரியாது, ஆசைப்படுவதைக்கூட மரிலேனாவைப் பார்த்துத்தான் பிற்பாடு கற்றுக்கொண்டாள். அன்றைக்கு மரிலேனாவுக்குப் பதினொரு வயது, மோதிரத் தட்டு தூக்கி வந்தாள், எட்டாவது சாப்பாட்டு வகை வரும்போது இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிவிட்டாள், தன் கல்யாண உடையின் மேல்துண்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தியது யார், கோஸிமாதான், புருஷன் தொனாத்தோ, விடு தூங்கட்டும் வா ஆடலாம் என்றான்... தொனாத்தோ நல்ல மனுஷன்தான், டயர் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறவன், குரல் உயர்த்தியதில்லை, அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை, அந்த எதுவுமில்லை என்பதைத்தான் சில நாள் தாங்க முடியாது. அப்பா இருந்த பணத்தில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார், சின்னவள் கெட்டிக்காரி என்றார், பெரியவள் கெட்டிக்காரியா என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்... போகட்டும், பழைய கதை, அதைக் கிளறக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

"நிலவறையப் பாக்கறீங்களா, பழைய எண்ணெய் ஆலை, காக்டெயிலெல்லாம் அங்கதான் வெப்பாங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு குகைன்னா உசுரு" என்றாள் ஓர்சோலா. கோஸிமா, "சமையலறையப் பாக்கலாமா" என்றாள். சமையலறை பெரிது, சுத்தம், அடுப்பு புதுசு, எச்சில் தட்டு எந்த வழியாகப் போகும், பரிமாறுகிறவர்களும் விருந்தாளிகளும் ஒரே கதவில் முட்டிக்கொள்வார்களா, மழை வந்தால் எண்பது பேரை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டாள், எல்லாவற்றுக்கும் கிழவியிடம் நல்ல பதில் இருந்தது, ஒவ்வொரு நல்ல பதிலும் நெஞ்சில் ஒரு சின்ன முள்ளாக ஏறியது. தேவாலயம் என்று சொல்லிக்கொண்ட சின்ன அறைக்குள் போனார்கள், பத்துப் பெஞ்சுகள், நீலக்கூரை, சுவரில் வரைந்த மேரியின் முகத்தில் ஒரு கன்னம் மட்டும் உதிர்ந்திருந்தது, அதுவும் அழகாக இருந்தது, உதிர்ந்ததுகூட இங்கே அழகாகத்தான் உதிர்கிறது. கோஸிமா பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இப்படி நில்லுங்க, கொஞ்சம் இடது பக்கம், அஞ்சு மணி வெளிச்சம் அந்த ஜன்னல்ல வரும்" என்று ஓர்சோலா அவள் தோளைப் பிடித்து நகர்த்தினாள், வெளிச்சம் உண்மையிலேயே வந்து விழுந்தது, தோளிலும் கழுத்திலும் இளஞ்சூடாக, அவள் கண்ணை மூடிக்கொண்டாள், எத்தனை நேரம், பத்து நொடி இருக்குமா, அந்தப் பத்து நொடியில் எதிரே யாரும் நிற்கவில்லை, மாப்பிள்ளையே இல்லை, மாப்பிள்ளை தேவைப்படவும் இல்லை, அவளைச் சரியான வெளிச்சத்தில் நிறுத்த ஒருத்தர் சிரமப்பட்டார், அது போதும் போலிருந்தது... ஃபோன் அதிர்ந்தது. திரையில் மரிலேனாவின் முகம். வீடியோ அழைப்பு.

வெளியே ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், முற்றத்துக்கு அல்ல, கொல்லைப் பக்கத்துக்கு, எதற்குக் கொல்லைப் பக்கம் என்று யோசிக்கவில்லை, கால்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே டிராக்டர் கொட்டகை, நீலத் தார்ப்பாய் மூடிய உரமூட்டைகள், நோய் வந்து கருகிப்போய் அடியோடு அறுத்த ஐந்தாறு ஆலிவ் மரங்களின் கட்டைகள். ஃபோனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அக்கா, எப்படி இருக்கு, காட்டு காட்டு" என்றாள் மரிலேனா, தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர்.

"இதோ, பாரு."

"இது என்ன, பின்பக்கமா?"

"பக்கம்னு தனியா என்ன இருக்கு, எல்லாம் இப்படித்தான் இருக்கு." குரல் எவ்வளவு இயல்பாக வந்தது, நோயாளிகளிடம் டாக்டர் இன்னும் வரவில்லை என்று சொல்லும் அதே குரல். "மரமெல்லாம் பட்டுப்போச்சு. உள்ள ஈரம், சுவர் முழுக்கப் பூஞ்சை. அம்மாவோட முட்டிக்கு அந்தப் படி ஆகவே ஆகாது."

"படத்துல நல்லா இருந்துச்சேக்கா."

"படத்துல நானும்தான் நல்லா இருக்கேன்."

மரிலேனா சிரித்தாள், உண்மையாகவே சிரித்தாள், பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டாள், அதற்குள் கோஸிமா தயாராக நின்றாள், அவள் கேட்பாள், முற்றத்தைக் காட்டு என்பாள், கோபுரத்தைக் காட்டு என்பாள், உனக்கு எப்பவுமே என் மேல ஒரு இதுதான் என்று சொல்லிவிடுவாள், சொல்லட்டும், இருபது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை இரண்டு பேரும் இந்தத் தார்ப்பாய்க்கு முன்னால் கொட்டித் தீர்க்கட்டும், அதற்குத் தன்னிடம் எல்லா வார்த்தையும் இருக்கிறது, நீ படிச்ச, நீ போன, அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மூணு நாள் வந்துட்டுப் போன, அந்த மூணு நாளும் அப்பா உன் பேரைத்தான் சொன்னார்...

"சரிக்கா" என்றாள் மரிலேனா. "நீ நேர்ல பாத்திருக்க. வேற இடம் பாக்கலாம். யோஸ்ட்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அவ்வளவுதானா?" என்றாள் கோஸிமா, கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி.

"வேற என்ன? நீ ஏன் அந்த மெல்லிசு கோட்ட போட்டுட்டு வந்த, அங்க காத்து அடிக்குதே, முடி பறக்குது பாரு. காருக்குள்ள போய் உக்காரு. எனக்காக ஒரு வியாழக்கிழமை லீவையும் வீணாக்கிட்ட."

திரை அணைந்தது. தார்ப்பாய் காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. நம்பிவிட்டாள், ஒரு கேள்விகூடக் கேட்காமல், எப்படி ஒருத்தி இப்படி நம்புவாள், இவளுக்கு யார் இன்ஜினியர் வேலை கொடுத்தது, இவள் மூடுகிற கதவை நம்பி ஒரு ஊரே தூங்குகிறதே... ஜெயித்ததற்கு ஒரு சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை, மரத்துப்போக ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஈரம்?" என்று பின்னாலிருந்து குரல். ஓர்சோலா கொட்டகை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "என் மாமியார் முப்பது வருஷம் இந்த வீட்டுல பேய் மாதிரி சுத்தினா, என்கிட்ட இல்லாத குறையெல்லாம் கண்டுபிடிச்சா. அவகூட சுவத்துல ஈரம்னு சொன்னதில்ல."

கோஸிமாவுக்கு முகம் எரிந்தது. "மன்னிச்சிடுங்க. நான்... பொண்ணு நான் இல்ல. என் தங்கச்சி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பொண்ணா வர்றவங்க எச்சில் தட்டு எந்த வழியா போகும்னு கேக்க மாட்டாங்க. கண்ணாடி எங்க இருக்குன்னு கேப்பாங்க. நீங்க சமையலறைக்குப் போனதுமே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் தேவாலயத்துல அப்படி நிக்க வெச்சீங்க?"

கிழவி தோளைக் குலுக்கினாள். "நிக்கணும்போல இருந்தீங்க. வெளிச்சம் எப்படியும் வரப்போகுது, யார் நின்னா என்ன." கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சரி, அப்ப அந்த சனிக்கிழமைய பாரி ஊர்க்காரங்களுக்குக் குடுத்துடறேன். ஆறு மணிக்கு வராங்க. பொண்ணோட அம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டா, பாவம், பொண்ண விட அவளுக்குத்தான் அவசரம்."

சரிங்க, கொடுத்துடுங்க, வரேன், என்று சொல்லிவிட்டு நடந்தால் முடிந்தது. கார் முன்வாசலில்தான் நிற்கிறது. யாரோ பாரியிலிருந்து ஒரு பெண், முகம் தெரியாதவள், செப்டம்பரில் அந்தப் படியில் இறங்குவாள், ஐந்து மணி வெளிச்சம் அவள் தோளில் விழும், அவளிடம் கோஸிமாவுக்கு என்ன பொறாமை, ஒன்றுமில்லை, அதுதான் விசித்திரம், அந்தப் பெண்ணை நினைத்தால் ஒன்றுமே ஆகவில்லை, அங்கே மரிலேனா நிற்பதாக நினைத்தால்தான் வயிறு எரிகிறது, ஆனால் மரிலேனா அங்கே நிற்கவே மாட்டாள் என்று நினைத்தபோது... அதுவும் எரிந்தது, வேறு இடத்தில், இன்னும் கீழே. எப்படி இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும். சாலையோர மண்டபம் ஒன்றில், யோஸ்ட் தன் உயரத்தை மடக்கிப் பூச்சுத் தூணுக்குப் பக்கத்தில் நிற்க, மரிலேனா, அக்கா பாத்த இடம், நல்லாத்தான் இருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள், சொல்வாள், அவள் அப்படித்தான்.

"குடுக்காதீங்க" என்றாள் கோஸிமா.

"என்னது?"

"எங்க பேர்லயே எழுதிடுங்க."

ஓர்சோலா அவளை உள்ளே கூட்டிப் போனாள். சமையலறை மேஜையில் காகிதத்தை வைத்து, மரிலேனா கார்பரெல்லி என்று நிதானமாக எழுதினாள், மாப்பிள்ளை பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள், கோஸிமாவுக்கு யோஸ்ட்டின் குடும்பப் பெயர் முழுதாக நினைவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது, பிறகு சொல்கிறேன் என்றாள். மழை வந்தால் மேஜைகளை நிலவறைக்கு மாற்றணும், அம்மாவுக்குப் படி ஏறாமல் கீழேயே ஓர் அறை வேணும், என்று இரண்டு நிபந்தனை எழுதச் சொன்னாள். கீழே கையெழுத்துப் போட மோதிரக் கையைப் பையிலிருந்து எடுத்தாள். கிழவி மோதிரத்தைப் பார்த்தாள், பிறகு ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்து, "டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துப் போங்க" என்றாள். டயர் கடைக்காரன் பெண்டாட்டி என்று இவளுக்கு யார் சொன்னது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், டயரில் காற்று கம்மியாகத்தான் இருந்தது.

காருக்குள் காற்று இல்லை, சூடாக இருந்தது, எலுமிச்சை வாசனை. நாய் வந்து கதவருகே படுத்துக்கொண்டது. இப்போது அவளிடம் சொல்ல வேண்டும், என்ன சொல்வது, பொய் சொன்னேன் மரிலேனா, ஈரமும் இல்லை பூஞ்சையும் இல்லை, இவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை, அதனால்தான் பொய் சொன்னேன்... இதைச் சொன்னால் அவள் ஏன்க்கா என்பாள், ஏன் என்றால் இருபத்திரண்டு வருஷத்தை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும், வைத்தால் திரும்ப எடுக்க முடியாது. அல்லது இப்படிச் சொல்லலாம், இன்னொரு தடவ சுத்திப் பாத்தேன், முன்பக்கம் வேற மாதிரி இருந்துச்சு, நான்தான் அவசரப்பட்டுட்டேன், எழுதிட்டேன், கோச்சுக்காத... இது சுலபம், இதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதுகூடத் தெரியும், சரிக்கா என்பாள், அதையும் நம்பிவிடுவாள். அதையும். கோஸிமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தான் யாரை இப்படி நம்பியிருக்கிறோம் என்று தேடினாள், தொனாத்தோ ரொட்டி புதுசு என்றால்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவாள், அம்மா உப்பு சரி என்றால் நாக்கில் வைத்துப் பார்ப்பாள், டாக்டர், பாதிரியார், சொந்தப் பிள்ளைகள்... யாருமில்லை, ஒருத்தர் வார்த்தையைக்கூட அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதில்லை. படிப்பு, ஊர், விமானம், உயரமான மாப்பிள்ளை, தங்கைக்கு இருந்து தனக்கு இல்லாதவற்றை இத்தனை வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்று விடாமல், என்றுதான் நினைத்திருந்தாள், இந்த ஒன்று மட்டும் அதில் வரவேயில்லை... மரிலேனாவுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் கையில் கொடுக்கலாம் என்று அவள் நினைக்கிற ஓர் அக்கா. அது தான்தானா, தான்தான் என்றால் தன்னைப் பார்த்தே பொறாமைப்பட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம், இதற்கு என்ன பெயர், இதை எந்தப் பாதிரியாரிடம் போய்ச் சொல்வது... விரல் ஏற்கெனவே ஃபோனை அழுத்தியிருந்தது, என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை, மணி ஒரு தடவை அடித்தது, இரண்டு தடவை அடித்தது, எடுக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாள், எடுத்துவிடட்டும் என்றும் நினைத்தாள், மறுமுனையில் காற்றின் இரைச்சல், தண்ணீர், பிறகு அந்தக் குரல், "சொல்லுக்கா."